64 சாமான்களும் ஒரு தகரப் பெட்டியும்

மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் 27 வயது வாசகியின் கடிதம் இது. முதல் பிள்ளை, 29-ஆவது வாரம். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். கிள்ளானில் இருக்கும் நாத்தனார், பிள்ளைக்கு வாங்க வேண்டியவை என்று 64 சாமான்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கூட்டினால் 6,900 வெள்ளி (ரிங்கிட்). கையில் இருப்பது 2,500. மீதியை இப்போது வாங்கி அப்புறம் கட்டும் தவணையில் போட்டுக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு வட்டி கிடையாது என்கிறார் கணவர். "பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு துணிகூட வாங்கக்கூடாது" என்கிறார் மாமியார். லயத்து வீட்டில் ஐந்து பிள்ளைகளைச் சேலைத் தொட்டிலில் வளர்த்தவர். அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பேரப்பிள்ளைகளின் பழைய துணி, கடுகுத் தலையணை, தொட்டில் ஸ்பிரிங், பாச்சை உருண்டை வாசனை. "இதெல்லாம் இருக்க எதுக்குக் கடைக்குப் போறீங்க?" என்று கேட்கிறாராம். வாசகி கடைசியாக எழுதியிருப்பது: "எனக்கு ரெண்டு மாசம்தான் லீவு டாக்டர். அதுக்கப்புறம் டின் பால்தான். இப்ப ஆஃபர் போட்டிருக்கான், ஆறு டின் வாங்கி வெச்சிடட்டுமா? எது இல்லாட்டி என் பிள்ளைக்குக் குறை?"

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பென்சிலோடு உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாளைச் சூடு பண்ணும் பெட்டி அதில் இருக்கிறது. நடக்கத் தெரியாத பிள்ளைக்கு மூன்று ஜோடி சப்பாத்து இருக்கிறது. காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டர் மட்டும் இல்லை. நாத்தனாரைக் குறை சொல்லவில்லை. அன்பில் அனுப்பியிருக்கிறார், யாரோ அவருக்கு அனுப்பியதை. ஆனால் 64-இல் பாதிக்கு மேல், பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்து உங்களுக்கே வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். ஒரு மாதத்தில் தெலுக் இந்தான் கடைகளை மூடிவிடப் போவதில்லை.

சாமான்களுக்கு முன்னால் உங்கள் லீவுக் கணக்கைத் திருத்த வேண்டும். அது தப்பாக இருப்பதால்தான் ஆறு டின் வரைக்கும் போயிருக்கிறீர்கள்.

லீவு இரண்டு மாதம் கிடையாது

60 நாள் என்பது பழைய கதை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். அதாவது 14 வாரம். பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அங்கே வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு; ஐந்து பிள்ளை வரைக்கும் இது உண்டு. மூன்று வருடமாக அதே ஆபீசில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்குக் கேள்வியே இல்லை. ஆபீசில் "ரெண்டு மாசம்" என்று சொன்னவர் பழைய பழக்கத்தில் சொல்லியிருக்கலாம். சண்டை வேண்டாம், 98 நாள் என்று எழுதி, தேதி போட்டு, விண்ணப்பத்தைக் கொடுங்கள். மறுத்தால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

உங்கள் கணவருக்கும் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். நீங்கள் 29 வாரம். சில பிள்ளைகள் சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிடும். இந்த மாதச் சம்பளம் கைக்கு வரும் நாளிலேயே அவர் கடிதத்தைக் கொடுத்துவிடட்டும். பிரசவம் முடிந்த முதல் வாரத்தில் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருப்பது, பட்டியலில் இருக்கும் எந்தச் சாமானைவிடவும் உபயோகம்.

டின்களை விடுங்கள்

98 நாள் வீட்டில் இருக்கும் தாய்க்கு ஆறு டின் பால் எதற்கு? "சேஃப்டிக்கு இருக்கட்டும்" என்று வாங்கி அலமாரியில் வைத்த டின், மூன்றாம் நாள் ராத்திரி பிள்ளை வீரிட்டு அழும்போது தானாகத் திறந்துகொள்ளும். பிள்ளை போத்தலில் குடித்தால் மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பிறகு "எனக்குப் பால் போதவில்லை டாக்டர்" என்று வருகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வருகிற சீம்பால் சில சொட்டுதான் இருக்கும். அந்த வயதுக் குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர் வேண்டாம், நாக்கில் தேன் தடவுவதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு உடம்பையே தளர வைத்துவிடும்.

மருத்துவக் காரணத்துக்காகச் சில பிள்ளைகளுக்கு மாவுப் பால் தேவைப்படும்தான். அன்றைக்கு டாக்டர் சொல்வார், ஒரு டின் வாங்கினால் போதும். அப்படிக் கலக்க நேர்ந்தால் கொதித்து இறக்கி, 70 டிகிரிக்குக் குறையாமல் சூடு இருக்கும் தண்ணீரில் கலக்கி, பிறகு ஆற வையுங்கள். பால் மாவு கிருமி இல்லாத பொருள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகும் தாய்ப்பாலே கொடுக்க, டின்னுக்கு வைத்த பணத்தில் பால் எடுக்கும் பம்ப் வாங்கலாம். ஆனால் இப்போது வேண்டாம். பால் நன்றாக ஊறி, பிள்ளை மார்பில் பழகிய பிறகு, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் வாங்குங்கள். யாரோ உபயோகித்த மின்சாரப் பம்பை இரவலாக வாங்காதீர்கள். சில வகைகளில் பால் குழாய் வழியாக மோட்டார் வரைக்கும் போய்விடும், அதைக் கழுவ வழியில்லை. எடுத்த பால் வெளியில் 4 மணி நேரம், ஐஸ்பெட்டியின் உள்தட்டில் 4 நாள் தாங்கும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறந்து திறந்து மூடுவதில் சூடு ஏறும். போத்தல் இரண்டு போதும். கிருமி நீக்கும் இயந்திரத்துக்குப் பதிலாக, மூடியுள்ள ஒரு பானைத் தண்ணீரில் போத்தல்களைப் போட்டுக் கொதிக்க வையுங்கள்.

அந்தத் தகரப் பெட்டி

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வார்த்தை "பாச்சை உருண்டை", அதாவது அந்துருண்டை.

நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற ஒரு நொதியைச் சோதிப்பது வழக்கம். இந்த நொதி குறைவாக உள்ள பிள்ளைகள் பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பார்கள். ஆனால் பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் உடம்பில் பட்டாலோ, அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலோ, சிவப்பணுக்கள் சடசடவென்று உடையத் தொடங்கும். மஞ்சள் காமாலை ஏறும். அளவு மீறி ஏறினால் மூளையைப் பாதிக்கும். இந்தக் குறை ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். எண்ணெய் தேய்த்த தோல் நாஃப்தலீனை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். நம் வீட்டில் என்ன செய்வோம்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெட்டியிலிருந்து எடுத்த பழந்துணியில் சுற்றிப் படுக்க வைப்போம். பாட்டியின் ஆசை அத்தனையும் அந்தத் துணியில் இருக்கும், உருண்டையின் வாசனையும் இருக்கும்.

பழந்துணியே கூடாது என்று சொல்லவில்லை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணிபோலப் புதுத்துணி வராது. உருண்டை வைக்காத இடத்திலிருந்து வந்ததென்றால் தாராளமாகப் போடுங்கள். உங்கள் மாமியாரின் பெட்டியை மட்டும், பிள்ளையின் ஜி6பிடி முடிவு தெரியும்வரை தொடாதீர்கள். குறை இருக்கிறது என்று வந்தால் அந்தத் துணிகள் அடியோடு வேண்டாம். வீட்டு அலமாரியிலிருந்தும் உருண்டைகளை எடுத்துவிடுங்கள். குறை இல்லையென்றால் நன்றாகத் துவைத்து, வாசனை முழுக்கப் போகும்வரை வெயிலில் போட்டுப் பிறகு உபயோகிக்கலாம். இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். என் பெயர் அதற்காகத்தான் இருக்கிறது.

புதிதாக வாங்குவதென்றால் முன்பக்கம் திறக்கும் மெல்லிய சட்டை ஏழெட்டு, நாப்கின் துணி ஒரு டஜன். நம் வெக்கையில் ஒற்றைத் துணி போதும். கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்தால் பிள்ளைக்குப் புழுக்கம் என்று அர்த்தம். பிறந்த குழந்தை அளவு பெம்பர்ஸ் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம், சில வாரங்களில் சிறிதாகிவிடும். மழை மாதத்தில் நாப்கின் காயாது, அப்போது ராத்திரிக்கு மட்டும் பெம்பர்ஸ் என்று வைத்துக்கொண்டால் செலவு கட்டும்.

படுக்கையும் தொட்டிலும்

நாத்தனார் பட்டியலில் அதிக விலை போட்டிருப்பது கட்டில் செட்டுக்கு: 1,280 வெள்ளி. கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, தலையணை, இரண்டு பக்கமும் வைக்கிற குட்டி உருளைத் தலையணை, போர்வை எல்லாம் சேர்த்து. போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகான துணிகளில் ஒன்றுகூடப் பிள்ளை தூங்கும் இடத்தில் இருக்கக்கூடாது. முகத்தை மூடினால் தள்ளிவிடும் பலம் அந்த வயதில் கிடையாது. அமெரிக்காவில் அந்தப் பஞ்சுத் தடுப்புகளை விற்கவே கூடாது என்று 2022-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு வேண்டியது கெட்டியான, சமதளமான ஒரு மெத்தை, இழுத்துச் செருகிய ஒரு விரிப்பு. உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். மல்லாக்கப் படுக்க வையுங்கள், ஒரு வயது வரைக்கும், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து.

கடுகுத் தலையணையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. தலை உருண்டையாக வரவேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குங்கள். கழுத்தும் பலப்படும்.

சேலைத் தொட்டிலைப் பற்றி எழுதும்போது எனக்கே கொஞ்சம் தயக்கம். நானும் அதில் தூங்கி வளர்ந்தவள்தான். ஆனால் தொட்டிலில் பிள்ளை வளைந்து கிடக்கிறது, தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடங்கலாம், இரண்டு பக்கத் துணியும் முகத்தை மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தொட்டில் கட்டியே தீருவோம் என்றால் பகலில், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, தரைக்கு ஒரு சாண் உயரத்தில், கீழே மெத்தை போட்டு. தூங்கியதும் எடுத்துச் சமதளமான படுக்கையில் விடுங்கள். வேகமாக உலுக்கி ஆட்டக்கூடாது. பெட்டியில் இருக்கிற பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். துருப்பிடித்த கொக்கி நடுராத்திரியில் விட்டுப்போய், நெற்றி புடைத்த பிள்ளையை என் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒரு தகப்பனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மின்சாரத்தில் தானாக ஆடும் தொட்டில் வேண்டவே வேண்டாம். ஆட்ட ஆள் வேண்டாம் என்றால் பார்க்கவும் ஆள் இருக்கமாட்டார்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று: கொசுவலை. குடை மாதிரி விரிகிறதே, அதுதான். டிங்கிக் காய்ச்சல் இருக்கும் ஊரில் இதற்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். கொசுவத்திப் புகையும் குளித்தபின் காட்டுகிற சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. குளிப்பாட்ட மாமியார் காலை நீட்டி, கணுக்கால் மேல் போட்டுக் குளிப்பாட்டுவதை நான் தடுக்கமாட்டேன். அதைவிடப் பதமான கை உங்களுக்குக் கிடைக்காது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மூக்கில் ஊதுவதையும் மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். குளிக்கிற தொட்டிக்குப் பதில் சாமான் கடை பேசின் போதும்.

கார் சீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

64-இல் இதைத்தான் நீங்கள் சிவப்பு மையில் அடித்திருக்கிறீர்கள்: "கிளினிக் 10 நிமிஷம்தானே, மடியில் வெச்சுக்கலாம்." 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களில் சிறுவர் இருக்கை சட்டப்படி கட்டாயம். சட்டத்தை விடுங்கள். பெரிய பிரேக் போட்டால் மடியிலிருக்கும் பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. குலை லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓடுகிற நம் ஒற்றைப் பாதையில் 10 நிமிடம் சின்ன நேரம் கிடையாது. லோரியில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கும் உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள். மோட்டாரில் இருவருக்கும் நடுவில் பிள்ளையை வைத்துப் போவது, பக்கத்துக் கோயிலுக்கென்றாலும், கூடாது.

பிறந்த நாளிலிருந்து நான்கு வயது வரை வரும் வகையாகப் பாருங்கள். கைப்பிடி வைத்த குட்டி சீட் ஒரு வருடத்தில் சிறிதாகிவிடும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும், ஆர்44 அல்லது ஆர்129 என்ற எண்ணும் உள்ள முத்திரை வேண்டும். உங்களிடம் இருப்பது பழைய காஞ்சில் கார். அதில் சிறுவர் இருக்கையை நேரே மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது, ஆகவே காரின் சீட் பெல்ட் வாரில் கட்டும் வகைதான் சரி. காரைக் கடை வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போய், பின் சீட்டில் பின்பக்கம் பார்த்தபடி கட்டி, வார் எட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். குறைந்தது 15 மாதம் வரை பிள்ளை பின்பக்கம் பார்த்தே உட்காரவேண்டும். தெரியாதவர்களிடம் பழைய சீட் வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மீதி எல்லாம்

தெர்மோமீட்டர் ஒன்று வாங்குங்கள், அக்குளில் வைப்பது. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரியைத் தொட்டால் மாத்திரை, பத்து, வசம்பு என்று ஒன்றையும் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். கண்ணுக்கு மை வேண்டாம். திருஷ்டிக்கு வேண்டுமானால் உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள். நடைவண்டி, அதாவது சக்கரம் வைத்த வாக்கர், பிள்ளையைச் சீக்கிரம் நடக்க வைக்காது, படியில்தான் உருட்டிவிடும். கனடாவில் அதன் விற்பனையை 2004-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

இனி உங்கள் 2,500 வெள்ளி. கார் சீட்டுக்கு 400 வரை, மெத்தையும் கொசுவலையும் 200, துணி 300, பெம்பர்ஸ் சோப்பு வகையறா 150, பம்ப் 250, தெர்மோமீட்டரும் சில்லறைச் சாமானும் 50. மொத்தம் 1,350. மீதி 1,150-ஐத் தொடாதீர்கள். மஞ்சள் காமாலை பார்க்கப் பல பிள்ளைகள் முதல் வாரத்தில் தினமும் கிளினிக்குக்குப் போக வேண்டிவரும். பெட்ரோல், சாப்பாடு, கணவர் டிரிப் போகாத நாளின் கூலி என்று அது கரையும். தவணை வேண்டாம். வட்டி இல்லை என்பது நாள் தவறாமல் கட்டுபவருக்கு. பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் மறந்துபோவது தேதிதான்.

மாமியார் சொல்வதிலும் ஒரு வசதி இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்டால் தானாகவே கம்மியாகத்தான் வாங்குவீர்கள். ஆஸ்பத்திரிப் பைக்கு மூன்று செட் துணியும் பெம்பர்ஸும், திரும்பி வரும் பயணத்துக்கு கார் சீட்டும் மட்டும் 36-ஆவது வாரத்துக்குள் தயாராக வேண்டும். வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் உங்கள் அம்மா வீட்டில் இருக்கட்டும், சீட் காரிலேயே இருக்கட்டும். மற்றதைக் கடையில் பார்த்து வைத்துவிட்டு வாருங்கள். பிறந்த மறுநாள் தாத்தா போய் எடுத்து வரட்டும்.

ஒன்று கேட்க மறந்தேன். கோயிலில் தாலி கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். திருமணத்தைத் தேசியப் பதிவிலாகாவில் பதிந்தீர்களா? பதியாத ஜோடிகளை நம் பக்கம் இன்னும் பார்க்கிறேன். பிறப்பை 60 நாளுக்குள் பதியவேண்டும், அப்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். பதியாமல் இருந்தால், வளைகாப்புக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் இருவரும் லீவு போட்டு அதை முடித்துவிட்டு வாருங்கள்.